ரவியின் பிறப்புப் பத்திரத்தோடு நீலகிரிக்கு

கூடலூர் பேருந்து நடுவட்டத்தில் நின்றுவிட்டது. ஊட்டியைத் தாண்டி இறங்கத் தொடங்கியதிலிருந்தே ஏதோ தீய்ந்த வாடை. நடத்துனர் இறங்கிப் போய்ச் சக்கரத்தருகே குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "பிரேக் சூடாயிருச்சுங்க. அரை மணி நேரம் ஆறட்டும். டீ குடிக்கறவங்க குடிச்சுக்கலாம்" என்றார். யாரும் சலித்துக்கொள்ளவில்லை. எங்கள் பதுளைப் பக்கத்துத் தனியார் பஸ்காரன் என்றால் ஒரு வாளித் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான்.

கடையின் பின்சுவர் வரை தேயிலைச் செடி வந்து நிற்கிறது. ஆனால் கிளாஸில் எனக்குப் பால்தான் தெரிந்தது. நாங்கள் வெறுந்தேயிலைக்காரர்கள். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, ஒரு மிடறுக்கு ஒரு நக்கு. இதைச் சொன்னதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, சிலோனா? ரிட்டர்ன் வந்தவங்களா?"

"இல்லை. வராமல் இருந்துவிட்டவர்கள்."

அவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். பால் ஊற்றாமல் இன்னொரு கிளாஸ் போட்டுத் தந்தார்.

இரண்டு நாட்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு எங்கள் தோட்டத்து ஆட்களைப் பாதி அங்கே, பாதி இங்கே என்று பிரித்த காலத்தில், என் சித்தியின் குடும்பம் கப்பலேறியது. எங்கள் அம்மா ஏறவில்லை. அப்போது எனக்கு ஏழு வயது. சித்தி மகன் ரவிக்கு மூன்று. அதற்குப் பிறகு நான் அவனைப் பார்த்தது கைப்பேசியில்தான். நான் பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறேன். அவன் நெல்லியாளத்துக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் செடிக்கு மருந்து அடிக்கிறான்.

ரவியின் மகள் சௌமியாவுக்கு இருபது வயது. ராணுவத்துக்கு எழுத்துத் தேர்வு எழுதி, ஓடி, தாண்டி, எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். பாக்கி இருந்தது சாதிச் சான்றிதழ் ஒன்றுதான். அதற்கு அப்பா எங்கே, யாருக்குப் பிறந்தார் என்று காட்ட வேண்டுமாம். இங்கே வந்து இறங்கியபோது கொடுத்த குடும்ப அட்டை ஒரு மழைக்காலத்தில் கூரையோடு போய்விட்டது. அதனால் ரவியின் பிறப்புப் பத்திரத்தின் முத்திரை குத்திய அசல் பிரதியைப் பதுளைக் கச்சேரியில் எடுத்துக்கொண்டு நான் வந்தேன். கச்சேரி என்றால் எங்கள் ஊரில் அரசாங்க அலுவலகம். இங்கே சொன்னால் பாட்டா, கூத்தா என்று கேட்கிறார்கள்.

தபாலில் அனுப்பியிருக்கலாம்தான். பாடசாலை விடுமுறை வந்தது. ரவியின் முகத்தையும் பார்க்க வேண்டும் போலிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் ராணுவம் என்கிறார்கள், மிலிட்டரி என்கிறார்கள். எங்கள் ஊரில் அதற்கு 'ஆமி' என்று பெயர். யுத்தம் நடந்த காலத்தில் என் அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். ஒரு நாள் ஆமிக்காரர்கள் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பத்தொன்பது நாள் கழித்து விட்டார்கள். என்ன நடந்தது என்று அண்ணன் சொன்னதில்லை. இன்றைக்கும் சட்டைப்பையில் அடையாள அட்டை இல்லாமல் அவர் கொல்லைப்புறத்துக்குக்கூடப் போகமாட்டார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பெண்ணைப் பட்டாளத்தில் சேர்க்கப் பத்திரம் கொண்டுபோகிறவள் நான்.

கூடலூரில் இறங்கி இன்னொரு பஸ், அதன்பிறகு ஜீப். ஜீப்பில் பதினான்கு பேரை எண்ணினேன், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். பக்கத்திலிருந்த பெண் எனக்கும் ஓரளவு புரிகிற மலையாளத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பலா பழுத்துவிட்டது, யானை ரேஷன் கடை வரை வந்துவிட்டது, பிள்ளையைத் தனியே அனுப்பாதே என்று சொன்னாள். பேருந்து தாமதம் என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக.

எஸ்டேட் வாசலில் ரவி நின்றான். சித்தியின் மூக்கு அப்படியே அவனுக்கு. "அக்கா" என்றான். பிறகு, "பாரமா இருக்குமே, பையைத் தாங்க" என்று வாங்கிக்கொண்டான். நாற்பது வருஷத்துக்குப் பிறகு நேரில் அதுதான் முதல் பேச்சு.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு எங்கள் ஊர் லயத்தைப் போலவேதான். சுவர்களில் அடித்திருந்த நீலச் சுண்ணாம்பு மட்டும் வேறு. இரவுச் சாப்பாட்டுக்குத் தேங்காய் ரொட்டியும் சம்பலும் வந்தன. இலங்கையிலிருந்து வந்தவளுக்கு இலங்கைச் சாப்பாடு! நான் இட்லி சாப்பிடும் ஆசையோடு வந்திருந்தேன். மாசிக் கருவாடு கிடைக்காததால் சம்பலில் நெத்திலியை இடித்துப் போட்டிருந்தாள் ரவியின் மனைவி சரசு. நன்றாகத்தான் இருந்தது.

அதற்கு முன், ரவி கடைக்கும் சௌமியா குழாயடிக்கும் போயிருந்த நேரத்தில், சரசு அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் சமவெளிக்காரி, அவிநாசிப் பக்கம்.

"அண்ணி, அந்தப் பேப்பரு கொண்டாந்துட்டீங்களா?"

"பையில் இருக்கு."

"கெடைக்கலைன்னு சொல்லிருங்க."

நான் அவளைப் பார்த்தேன். அவள் மாவைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நாலு வருசம் வெச்சிருந்துட்டுப் பாதிப் பேருக்கு மேல திருப்பி அனுப்பிருவாங்களாமா. இருபத்தஞ்சு வயசுல முடியைக் கத்தரிச்சுட்டு வந்து நிக்கும். அப்பறம் யாருங்க கட்டுவாங்க? திருப்பூருக்கு ஒரு வருசம் வேலைக்கு அனுப்பிச்சதுக்கே நான் தூங்கலீங்க. துப்பாக்கி தூக்கற எடத்துக்கு எப்படிங்க அனுப்பறது? உங்க அண்ணனுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் சொன்னா அது கேக்காதுங்க. பேப்பரு இல்லைன்னா கேட்டுத்தானே ஆகணும்?"

குடத்தோடு சௌமியா உள்ளே வந்தாள். மெலிந்த பெண். குடத்தை இறக்கிவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அத்தை, பேப்பர் வந்துருச்சுங்களா?"

"கச்சேரியில் இன்னும் கொடுக்கவில்லை. அண்ணன் எடுத்து அனுப்புவார்" என்றேன்.

இருபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடிக்கும் தொழிலில் இருப்பவள் நான். அவ்வளவு சுலபமாக என் வாயில் வந்தது எனக்கே ஆச்சரியம்.

"சரிங்க அத்தை" என்றாள். முகம் கொஞ்சம் மாறியது. அடுத்த குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

மறுநாள் வியாழக்கிழமை. விடிகிற நேரத்தில் ரவி மோட்டார் சைக்கிளை உதைக்கும் சத்தம். "அக்கா, வாறீங்களா? பிள்ளை ஓடுறதைப் பார்க்கலாம்" என்றான். பின்னால் ஏறிக்கொண்டேன். சௌமியா முன்னால் ஓட, நாங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னால் போனோம். வளைவு வருகிறபோதெல்லாம் ரவி ஹாரன் அடித்தான். யானைக்காகத்தான். ஓரிடத்தில் சாலையில் புதுச் சாணி கிடந்தது, ஆவி பறந்துகொண்டிருந்தது. சௌமியா நின்றாள். நாங்களும் நின்றோம். ரவி காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "போயிருச்சு. ஓடு" என்றான். ஓடினாள்.

ஒரு வருஷமாக இப்படித்தானாம். மழை நாளிலும் உண்டாம். "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. அது ஓடுது, நான் பின்னால வாறேன்" என்றான் ரவி.

பத்திரம் வரவில்லை என்று தெரிந்த பிறகும் அவள் ஓடினாள். அதுதான் எனக்கு உறுத்தியது.

ஒன்பது மணிக்குத் தாலுகா அலுவலகத்துக்குப் புறப்பட்டாள், அவகாசம் கேட்க. நானும் வருகிறேன் என்றேன். சரசு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எதற்கு அந்தப் பார்வை என்று எனக்குப் புரிந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பத்திரம் அதற்குள்தான் இருந்தது. வீட்டில் வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை.

அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர். கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு பொறுமையாகவே பேசினார். "எல்லாம் செரியா இருக்குதும்மா. அப்பாவோட அசல் இல்லாம ஐயா கையெழுத்துப் போட மாட்டாருங்க. உனக்கு எப்ப வேணும்?"

"திங்கக்கிழமை கோயம்புத்தூர்ல சரிபார்ப்புங்க சார்."

"நாளைக்குள்ள அசல் வந்தாத்தான். இல்லீன்னா அடுத்த வருசம் பாரேன்."

"அடுத்த வருசம் வயசு தாண்டிருமுங்க சார்."

அவர் கோப்பை மூடினார். எனக்கு வயது விஷயம் அதுவரை தெரியாது. சரசுவுக்குத் தெரியுமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

வெளியே வந்து எதிரேயிருந்த பேக்கரியில் உட்கார்ந்தோம். முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தாள். எங்கள் ஊர் பேக்கரியில் இதைவிட உறைப்பாக இருக்கும். நான் ஓரத்தைக் கடித்துவிட்டு வைத்துவிட்டேன். அவள் முழுதும் சாப்பிட்டாள்.

"உனக்கு ஏன் இந்த ஆசை?" என்று கேட்டேன். வந்ததிலிருந்து கேட்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன்.

"திருப்பூர்ல இருந்தப்ப தீபாவளிக்கு ஊருக்கு வந்தனுங்க அத்தை. ரயில்ல நிக்கவே எடமில்லை. பின்னாடி ஒருத்தன் இடிச்சுட்டே இருந்தான். நகந்தா நகந்து வர்றான். கதவுகிட்ட ஒரு அக்கா நின்னுட்டிருந்தாங்க, மிலிட்டரி யூனிபார்ம்ல. ஒண்ணும் சொல்லலீங்க. அவனைத் திரும்பிப் பாத்தாங்க. அவ்வளவுதான். அவன் அடுத்த பெட்டிக்கே போயிட்டான்."

"அதற்காகவா?"

"அந்த அக்காகிட்ட எப்படிச் சேர்றதுன்னு கேட்டேன். பத்தாவதுல என்ன மார்க்குன்னு கேட்டாங்க, சொன்னேன். நல்லா ஓடுவியான்னு கேட்டாங்க." கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள். "ஓடுவேன்னு சொன்னேன். பள்ளிக்கூடத்துல விளையாட்டுப் பீரியட்லகூட ஓடினதில்லீங்க. பொய்தான். ஊருக்கு வந்த ரெண்டாம் நாள் ஓடிப் பாத்தேன், பாதி தூரத்துல வாந்தி எடுத்துட்டேன்."

"திருப்பூரில் கஷ்டமா?"

"கஷ்டம்னு இல்லீங்க. யாரும் அடிக்கல, திட்டல. ஹாஸ்டல்ல ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் வெளிய விடுவாங்க. அதுக்கும் வார்டன்கிட்டக் கேட்டுத்தான் போகணும். அங்கேயே வேலை செய்யற பசங்க பாட்டுக்குப் போவாங்க, வருவாங்க."

"ஆமியில் மட்டும் கேட்காமல் வெளியே போகலாமா?"

"முடியாதுங்க" என்றாள். "ஆனா அங்க ஆம்பளையும் கேட்டுத்தான் போகணும்."

நான் என் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். லொறியையும் பத்தொன்பது நாளையும் சொன்னேன். அவள் கையிலிருந்த காகிதத்தை மடித்துக்கொண்டே கேட்டாள். "அம்மா சொல்லிருக்குதுங்க. எனக்கு அதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலீங்க அத்தை" என்றாள். வேறு யாராவது என்றால் நாட்டைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்கள். அவள் தெரியவில்லை என்றாள். அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது.

"நீ அந்த அக்காவிடம் பொய் சொன்னாய். நான் உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்" என்று பையைத் திறந்து பத்திரத்தை மேசையில் வைத்தேன்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எப்ப வந்துச்சு?"

"என்னோடுதான் வந்தது."

"அம்மா சொன்னாங்களா?"

நான் மீதிப் பப்ஸைத் தள்ளி வைத்தேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து சாலையைக் கடந்து ஓடினாள். ஜீப்காரன் ஒருவன் பிரேக் போட்டுத் திட்டினான். பப்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு நான் பின்னால் நடந்தேன்.

உள்ளே அந்த அலுவலர் பத்திரத்தை ஒரு முறை தலைகீழாகவும் ஒரு முறை நேராகவும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, இதென்ன மலையாளமா? ஜிலேபி புழிஞ்ச மாதிரி இருக்குது."

"சிங்களம். பின்னால் மொழிபெயர்ப்பு இருக்கிறது."

அவர் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க அசலைப் படிங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். நான் சத்தமாகப் படித்தேன். பிள்ளையின் பெயர், பிறந்த தோட்டம், தகப்பன் பெயர், தாயின் பெயர். தாயின் பெயர் என்ற இடத்தில் சித்தியின் பெயர் வந்தபோது அதை இரண்டு தடவை படித்துவிட்டேன். அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவர் தலையாட்டினார். "செரிங்க. நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிக்கம்மா."

திரும்பி வரும்போது ஜீப்பில் சௌமியா என்னோடு பேசவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் ரவியிடம், "பேப்பர் அத்தை பெட்டிக்கடியில இருந்துச்சாம்ப்பா, இப்பத்தான் பாத்தாங்களாம்" என்றாள். ரவி சந்தோஷத்தில் அதையும் இதையும் கேட்கவில்லை. என் தலையில் லேசாகத் தட்டி, "டீச்சருக்கு மறதி" என்று சிரித்தான். சௌமியா அடுப்படிக்குப் போனாள்.

"நீதான் மறைக்கச் சொன்னியா?"

"ஆமா. நான்தான் சொன்னேன்" என்றாள் சரசு.

அவ்வளவுதான் பேச்சு. அதன்பிறகு மகள் தாயோடும் என்னோடும் பேசவில்லை, தாய் என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை சௌமியா தனியாகப் போய்ச் சான்றிதழை வாங்கி வந்தாள். வெள்ளியும் சனியும் இப்படியே போயின. சரசு எனக்குச் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், மீன் துண்டில் பெரியதை எனக்கே போட்டாள். வாய் மட்டும் திறக்கவில்லை. சனிக்கிழமை அவள் வேலை செய்யும் மலைக்கு நானாகவே போய் நின்றேன். பெண்கள் பை பொருத்திய பெரிய கத்தரியால் இலையை வெட்டுகிறார்கள். எங்கள் ஊரில் இன்னும் விரல்தான். எப்படிப் பிடிப்பது என்று கேட்டேன். பக்கத்து நிரையில் இருந்த பெண்தான் பிடித்துக் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஊர் திரும்பப் புறப்பட வேண்டும். சௌமியாவும் கோயம்புத்தூர் போக வேண்டும். ரவிக்கு லீவு கிடைக்கவில்லை. யாரும் கூப்பிடாமலே சரசு புடவை மாற்றிக்கொண்டு வந்து ஜீப்பில் ஏறினாள். கூடலூரில் பஸ் பிடித்து, மூன்று பேர் சீட்டில் மூன்று பேரும் பேசாமல் மலையேறினோம்.

ஊட்டியில் வண்டி மாறினோம். ஏரி, குதிரைப் பந்தய மைதானம், பூங்கா. எங்கள் மலைநாட்டு நுவரெலியாவைக் கட்டிய வெள்ளைக்காரனே இதையும் கட்டியிருப்பான் போல. கைவேலையில் வித்தியாசமே இல்லை. வர்க்கி வாங்கினேன். அடுக்கடுக்காகப் பிரிந்து மடியெல்லாம் தூளானது. சரசு என் மடியிலிருந்த தூளைத் தட்டிவிட்டாள். பேசவில்லை.

குன்னூரை நெருங்கும்போது போக்குவரத்து நின்றது. சுற்றுலா வண்டிகளின் நெரிசல் என்று நினைத்தோம். முன்னால் ராணுவப் பயிற்சிப் பையன்கள் இரண்டு வரிசையாகச் சாலையைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். பொடியன்கள்தான், சிலருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. நான் என்னையறியாமல் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவர்கள் போய் முடியும்வரை கையை எடுக்கவில்லை. முன்சீட்டில் வெள்ளைப் போர்வை போர்த்திய இரண்டு பெண்கள் படுக மொழியில் பேசிக்கொண்டார்கள். இந்தக் குளிரிலும் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்வெட்டர் போட விடமாட்டார்களா என்று ஒருத்தி கேட்டாளாம். சௌமியா எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். மூன்று நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அதுதான்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவளை எடுத்துக்கொண்டார்கள். இப்போது பெங்களூரில் பயிற்சியில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறாள். ஆனால் அந்தத் திங்கட்கிழமை நடந்ததைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

கோயம்புத்தூரில் ஒரு லாட்ஜில் இரவு தங்கி, சரிபார்ப்பு நடக்கும் மைதானத்தின் வாசலுக்குக் காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். என் விமானம் இரவுதான். பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை. சௌமியா கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள், காவலருக்கு அட்டையைக் காட்டினாள், உள்ளே போய்விட்டாள். சரசுவும் நானும் எதிரே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். வேறு அம்மாக்களும் அப்பாக்களும் இருந்தார்கள். ஒருவர் செய்தித்தாளை நான்காகக் கிழித்து எல்லோருக்கும் உட்காரக் கொடுத்தார்.

வெயில் ஏறியது. பத்து மணி இருக்கும். சரசு பேசினாள்.

"அண்ணி, அது உள்ள போறப்பத் திரும்பிப் பாக்கலை, கவனிச்சீங்களா?"

"ம்."

"பாத்திருந்தா நான் கூப்புட்டிருப்பனுங்க. அது அதுக்குத் தெரியும்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

நான்கு மணிக்குச் சௌமியா வந்தாள். வெயிலில் நின்று முகம் கறுத்திருந்தது. எல்லாச் சான்றிதழும் சரியென்று வாங்கிக்கொண்டார்களாம். சேர வேண்டிய தேதியைப் பிறகு சொல்வார்களாம்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள் சரசு. தாயும் மகளும் நான்கு நாளுக்குப் பிறகு பேசிய பேச்சு.

"இல்லீங்மா."

சரசு முன்னால் நடந்தாள். மூன்று ஹோட்டலில் சாப்பாடு முடிந்துவிட்டது என்றார்கள். நான்காவதில் பரோட்டா இருந்தது. பரிமாறியவருக்கு அறுபது வயதிருக்கும். இரண்டாவது தடவை குருமா ஊற்ற வந்தபோது, அவர் ஒன்றுமே கேட்காமல், சரசு தானாகச் சொன்னாள்.

"எம்பொண்ணு மிலிட்டரில சேரப் போகுதுங்க."

வாளியைக் கையில் பிடித்தபடி அவர் சௌமியாவை மேலும் கீழும் பார்த்தார். "அப்படீங்களா? எங்கம்மா போடுவாங்க?"

சரசு சௌமியாவைப் பார்த்தாள். சௌமியா என்னைப் பார்த்தாள்.

"எங்க போட்டாலும் போவேனுங்க" என்று சௌமியா இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவர் அவளுக்கு இன்னொரு பரோட்டா வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.